கதவைக் கழற்ற ஓர் அனுமதி

தெல்மா இரண்டு கைகளிலும் தேநீர்க் கோப்பைகளுடன், இடுப்பால் கதவைத் தள்ளிக்கொண்டு கண்ணாடி அறைக்குள் வந்தாள். நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "கதவு" என்றேன்.

"ரெண்டு கையும் நெறஞ்சிருக்கு, ரே. மூணாவது கை எங்க விக்கிறாங்கன்னு சொல்லு, போய் வாங்கிட்டு வரேன்."

கோப்பைகளை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கதவை மூடினாள். அக்டோபர் மாதம், செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வெப்பமானி பத்தொன்பது காட்டியது. தக்காளித் தொட்டிகளை இந்த வாரமாவது காலி பண்ண வேண்டும் என்றாள். பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்தாள், பாதி உடைந்து உள்ளே விழுந்தது. கரண்டி எடுக்க மறுபடி எழுந்து போனாள். கதவைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள்.

மறுநாள் காலை மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். ஸ்கேன் படங்களைப் பற்றி நேரில் பேச வேண்டும், கூட யாரையாவது அழைத்து வாருங்கள் என்றார்கள்.

அந்த அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வீட்டின் பின்பக்கம், சமையலறையை ஒட்டி நிற்கிறது. முழங்கால் உயரத்துக்குச் செங்கல், அதற்குமேல் கண்ணாடி, தலைக்குமேல் பாலிகார்பனேட் தகடு. எங்கள் தெருவில் பாதி வீடுகளின் முதுகில் இதே அறை, இதே வெள்ளைச் சட்டம், இதே பிரம்பு நாற்காலிகள். எங்களுடையது தென்மேற்கு பார்த்தது. ஜூலையில் உள்ளே நாற்பது டிகிரி. தெல்மா அலங்காரத்துக்கு வைத்த மெழுகுவர்த்திகள் வளைந்து தரையைப் பார்த்தன. ஜனவரியில் நான்கு டிகிரி. கிறிஸ்துமஸ் வந்தால் ஃப்ரிட்ஜில் இடமில்லாத எல்லாம் அங்கே போகும்: வேகவைத்த பன்றித்தொடை, பியர் பாட்டில்கள், பெரிய கண்ணாடிக் கிண்ணத்தில் கேக்கும் கஸ்டர்டும் அடுக்கிய ட்ரைஃபிள்.

"சோபா போட்ட ஃப்ரிட்ஜ் நம்ம தெருவுலதான் இருக்கு" என்பாள் தெல்மா.

ஏப்ரலில் நான்கு வாரமும் செப்டம்பர் கடைசியில் மூன்று வாரமும் அங்கே மனிதர்கள் உட்காரலாம். அதனால் அவள் அதற்கு ஏழு வாரத்து அறை என்று பெயர் வைத்தாள். நான் அந்த ஏழு வாரத்தை ஐம்பத்திரண்டு ஆக்க இருபது வருடம் முயன்றேன். கூரைக்கு அடியிலும் பக்கக் கண்ணாடிகளிலும் மடிப்புத் திரைகள் போட்டேன். வெயிலைத் திருப்பும் படலத்தைக் கண்ணாடியில் ஒட்டினேன், அது இரண்டு வருடத்தில் ஊதா நிறமாகிக் குமிழ் விட்டது. விசிறி மாட்டினேன், அது சூடான காற்றை எங்கள் தலையிலேயே திருப்பிக் கொட்டியது. எண்ணெய் ரேடியேட்டர் வைத்தேன், அதன் பக்கத்தில் இருக்கும் கால் வெந்தது, மற்றக் கால் உறைந்தது. கடைசியாக, குளிரில் சூடாக்கவும் வெயிலில் குளிரவைக்கவும் இரண்டுக்குமான ஒரு பெட்டியைச் சுவரில் மாட்டினேன். அது நன்றாகவே வேலை செய்தது, கதவு மூடியிருக்கும்வரை.

சமையலறைக்கும் அந்த அறைக்கும் நடுவே கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு. அதைக் கழற்றி எறிந்துவிட்டு வீட்டைச் சூடாக்கும் பாய்லரிலிருந்து ஒரு குழாயை இழுத்து ரேடியேட்டர் மாட்டியிருக்கலாம். தெருவில் நாலு பேர் அப்படித்தான் செய்தார்கள், என் காதில் விழாமல். ஏனென்றால் நான் முப்பத்தொரு வருடம் இந்த மாவட்டத்தின் கட்டட ஆய்வாளராக இருந்தவன். விதி எளிமையானது. வீட்டுக்கும் கண்ணாடி அறைக்கும் நடுவே வெளிவாசல் தரத்தில் ஒரு கதவு நிற்கும்வரை, அந்த அறைக்குத் தனிச் சூடு இருக்கும்வரை, அது வீடு ஆகாது. யாரும் வந்து எதையும் கேட்க மாட்டார்கள். கதவு போய்விட்டால் அதுவும் வீடு. அப்போது கூரையும் கண்ணாடியும் தரையும் வீட்டுக்குரிய அளவுக்குச் சூட்டைப் பிடித்துவைக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம், ஆய்வு, சான்றிதழ்.

நான் எத்தனையோ பேரை அந்தக் கதவுகளைத் திரும்ப மாட்டவைத்திருக்கிறேன். வீடு விற்கும் சமயத்தில்தான் பெரும்பாலும் மாட்டிக்கொள்வார்கள். ஒருவர் நான் வருகிறேன் என்று தெரிந்ததும் பழைய கதவைக் கொட்டகையிலிருந்து எடுத்து, கீல் இல்லாமல், சும்மா வாசலில் பொருத்தி நிறுத்தியிருந்தார். நான் கைப்பிடியைத் தொட்டேன். கதவு அப்படியே என்மேல் சாய்ந்தது. அவர் மறுபக்கம் நின்று, "அந்தக் கதவு லேசா சிக்கும், சார்" என்றார். தெல்மா இந்தக் கதையை விருந்துகளில் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.

நவம்பர் நடுவில் அவளால் மாடிப்படி ஏற முடியாமல் போனது. சமூகச் செவிலியர் பெர்னதெத் மருத்துவமனைக் கட்டில் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தாள். முன்னறையில் போடலாம் என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, தெல்மா நாற்காலியில் இருந்தபடியே கையைத் தூக்கினாள்.

"அங்க ஜன்னல்ல பாத்தா எதிர்வீட்டு குப்பைத்தொட்டிதான் தெரியும். என்ன கண்ணாடி ரூம்ல போடுங்க."

"நவம்பர் மாசம், கண்ணு" என்றாள் பெர்னதெத். "நீ அங்க உறைஞ்சு போயிடுவ."

"என் புருஷன் இருபது வருஷமா அத சூடாக்கறேன்னு நிக்கிறான். இப்பவாவது அதுல ஒரு பிரயோஜனம் இருக்கட்டும்."

பெர்னதெத் என்னைப் பார்த்தாள். "பகலும் ராத்திரியும் பதினெட்டுக்குக் கீழ போகக் கூடாது, ரேமண்ட். போச்சுன்னா முன்னறை, இல்லன்னா கடைசி நாள்ல பாத்துக்கற ஹாஸ்பைஸ். சம்மதமா?"

"பதினெட்டு என்ன, இருபதே தரேன்" என்றேன். என் வாழ்க்கையில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தை ஒருவர் என்னிடம் கேட்டார் என்று அப்போது எனக்கு ஒரு தெம்பு வந்தது. இன்றுவரை அதற்காக வெட்கப்படுகிறேன்.

கட்டிலைத் தோட்டத்துப் பக்கக் கதவு வழியாகக் கொண்டுவந்தார்கள். நீளமான கட்டில், சின்ன அறை. சமையலறைப் பக்கத்து இரட்டைக் கதவு கண்ணாடி அறைக்குள் திறப்பது. கட்டில் வந்த பிறகு ஒரு பக்கக் கதவைத் திறக்கவே முடியவில்லை. மற்றது ஒரு முழம் திறக்கும். நான் தட்டைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, வயிற்றை உள்ளிழுத்து, பக்கவாட்டில் நுழைவேன். அப்புறம் சூடு போகாமல் இருக்க மூடுவேன்.

கூரைக்கு அடியில் வெள்ளித்தாள் ஒட்டிய பஞ்சுப் பலகைகளை வெட்டிப் பொருத்தினேன், அவள் தலைக்கு நேர்மேலே ஒரு தகட்டை மட்டும் வானம் தெரிய விட்டுவைத்தேன். கண்ணாடியின் கீழ்விளிம்பில் தினமும் காலையில் தேங்கும் நீரைத் துண்டால் ஒற்றி எடுத்தேன். பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. பத்தொன்பது, இருபது, சில பகல்களில் இருபத்தொன்று. பெர்னதெத் வந்து வெப்பமானியைப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். நான் சொன்னதைச் செய்துவிட்டேன்.

ஆனால் தெல்மா ஒரு மீன்தொட்டிக்குள் இருந்தாள். நான் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிப்பேன், அவள் என்னைப் பார்ப்பாள். நான் ஏதாவது சொன்னால் வாய் அசைவது மட்டும் தெரியும். அவளுக்குச் சத்தமாகப் பேச மூச்சு போதவில்லை. அதனால் கரண்டியால் கண்ணாடியைத் தட்டினாள். ஒரு தட்டு தேநீர். இரண்டு தட்டு கழிப்பறைச் சமாச்சாரம். மூன்று தட்டு, வந்து திட்டு வாங்கிக்கொள்.

நவம்பர் கடைசி வாரத்தில் மூன்று தட்டு கேட்டது. பக்கவாட்டில் நுழைந்தேன்.

"இந்தக் கதவ எடுத்துடு, ரே."

"எடுத்துட்டா சூடு நிக்காது."

"சமையல் ரூம் சூடு இங்க வரும்ல. பாய்லர் என்ன வேலைக்கு இருக்கு?"

"அது அப்படி இல்ல. இந்த அறைக்குன்னு..."

"வேணாம். அந்த விதிய எனக்குச் சொல்லாத. உங்க ஆபீஸ் பொண்ணுங்கள விட எனக்கு அது நல்லாத் தெரியும்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "வானொலி கேக்கணும். நீ பாத்திரத்தக் கீழ போட்டுட்டு கெட்ட வார்த்த சொல்றது கேக்கணும். வெங்காயம் வதங்குற வாசன வரணும். சாப்பிட முடியாது, வாசனையாவது வரட்டும். அவ்ளோதான் கேக்கறேன், இன்ஸ்பெக்டர் சார்."

"முறைப்படி செய்யறேன்" என்றேன்.

"என்ன முறை?"

"விண்ணப்பம் போட்டு."

அவள் கரண்டியைப் போர்வைமேல் வைத்தாள். பிறகு தோட்டத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

இந்த இடத்தில் கொஞ்சம் விவரமாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறு இதில்தான் இருக்கிறது. இப்படிப்பட்ட வேலைக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வெறும் அறிவிப்பு. ஒரு தாளைக் கொடுத்துவிட்டு இரண்டு நாளில் வேலையைத் தொடங்கலாம், ஆய்வாளர் போகப்போக வந்து பார்ப்பார். மற்றது, முழு வரைபட விண்ணப்பம். எல்லாவற்றையும் வரைந்து, கணக்குப் போட்டுக் கொடுத்து, அவர்கள் ஐந்து வாரம் பார்த்து, சரி என்ற பிறகு தொடங்குவது. முப்பத்தொரு வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நான் மக்களிடம் சொன்னது ஒன்றே: அறிவிப்பு அவசரக்காரர்களுக்கு, முழு வரைபடம்தான் நல்லது, பிறகு யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது.

நான் முழு வரைபடம் போட்டேன்.

பழைய வரைபலகையை மாடியிலிருந்து இறக்கி, சமையலறை மேசைமேல் வைத்தேன். வெளிச்சம் நன்றாக விழ வேண்டும் என்பதால் கண்ணாடி அறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். புதிய கூரையின் வெட்டுத்தோற்றம் வரைந்தேன்: ஓடு, அடியில் பலகை, அதற்கடியில் பதினைந்து சென்டிமீட்டர் கெட்டி நுரை. சுவர், தரை, கண்ணாடி ஒவ்வொன்றின் வழியாகவும் எவ்வளவு சூடு போகும் என்று கணக்கிட்டேன். நான்கு நாள் ஆனது. தலைமுறைகளுக்கு நிற்கும் ஒரு கூரை அது. இடையிடையே கண்ணாடியில் ஒரு தட்டு கேட்கும், எழுந்து தேநீர் போடுவேன். மூன்று தட்டு கேட்கவே இல்லை.

டிசம்பர் இரண்டாம் தேதி நானே அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகப்பில் இருந்த பெண் என்னை அடையாளம் கண்டு, "ஐயோ, ரேமண்ட், உங்களுக்கேவா?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து தெல்மாவிடம், "அஞ்சு வாரம்" என்றேன்.

"அவங்களுக்கா, எனக்கா?" என்று கேட்டாள்.

நான் கெட்டிலை வைக்கப் போனேன்.

கிறிஸ்துமஸுக்கு எங்கள் மகள் லோர்னா லீட்ஸிலிருந்து வந்தாள். ட்ரைஃபிளை எங்கே வைப்பது என்று தெரியாமல் கிண்ணத்தோடு வீடு முழுக்கச் சுற்றினாள். குளிர் அறை இப்போது வீட்டிலேயே சூடான அறை. கடைசியில் காரின் டிக்கியில் வைத்தோம். சாப்பாட்டு மேசையைக் கதவோரம் இழுத்துப்போட்டு, நாங்கள் இந்தப் பக்கம், தெல்மா அந்தப் பக்கம் என்று உட்கார்ந்தோம். லோர்னா ஜோக் சொன்னால் முதலில் எங்களுக்குச் சொல்லிவிட்டு, பிறகு கதவின் ஒரு முழ இடைவெளியில் தலையை நுழைத்து அம்மாவுக்குத் திரும்பச் சொல்வாள். இரண்டாவது தடவை எந்த ஜோக்கும் நன்றாக இல்லை.

"அப்பா, இந்தக் கதவ..." என்று பாத்திரம் கழுவும்போது ஆரம்பித்தாள்.

"விண்ணப்பம் போயிருக்கு."

"அப்பா."

"விடுமுறை வந்துடுச்சு. ஒரு வாரம் தள்ளிப்போகும்."

அவள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு மாடிக்குப் போய்விட்டாள்.

ஜனவரி ஆறாம் தேதி மதியம் வாசல் மணி அடித்தது. மால்கம் நின்றிருந்தான். இருபத்திரண்டு வருடம் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்தவன். ஒரே கெட்டிலில் தேநீர், ஒரே காரில் ஆய்வு. இன்னும் வேலையில் இருக்கிறான். கையில் என் வரைபடச் சுருள்.

"என்ன, நிராகரிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"நிராகரிக்கறதா? ஆபீஸ்ல எல்லாரும் இத எடுத்துப் பாத்தாங்க. இவ்ளோ சுத்தமா ஒரு வரைபடம் பத்து வருஷமா வரல. ஒரு சந்தேகம், அதான் வந்தேன். டீ போடு முதல்ல."

நான் கெட்டிலை வைத்தேன். அவன் சமையலறைக்குள் வந்து, மேசையில் சுருளை விரித்து, நான்கு மூலைக்கும் கோப்பை வைத்தான். அப்போதுதான் நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெல்மா அவனைப் பார்த்துக் கையை அசைத்தாள். கையை என்பதைவிட விரல்களை. அவன் கடைசியாக அவளைப் பார்த்தது கோடையில், அலுவலகத்தில் ஒருவரின் பிரிவு விருந்தில். இப்போது அவள் அதில் பாதிகூட இல்லை.

அவனும் கையை அசைத்தான். கையை இறக்க மறந்து நின்றான்.

"என்ன சந்தேகம்?" என்றேன்.

அவன் வரைபடத்தின்மேல் குனிந்தான். கணக்குத் தாளின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். கோடையில் அறை எவ்வளவு சூடாகும், எந்த நாளில் எத்தனை மணிக்குத் திரைகளை இறக்க வேண்டும், கூரை ஜன்னல் எவ்வளவு திறந்தால் காற்று போதும் என்று நான் போட்டிருந்த அட்டவணை அது. மே, ஜூன், ஜூலை, ஆகஸ்ட். ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வரி.

"இத நாங்க கேக்கவே இல்லையே, ரே" என்றான். "இந்தப் பக்கத்த யாரும் கேக்கல." விரலை ஜூலைமேல் வைத்தான். மறுபடி கண்ணாடியைப் பார்த்தான். விரலை எடுக்கவில்லை.

கெட்டில் கொதித்து நின்றது.

பிறகு அவன் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டான்.

"சுத்தியல் எங்க வச்சிருக்க?"

"மால்கம், அனுமதி வராம..."

"நான் மதிய சாப்பாட்டுக்கு வெளிய வந்திருக்கேன். ஆய்வாளர் ஆபீஸ்ல இருக்கான். சுத்தியல்."

அது மூன்றாவது இழுப்பறையில் இருந்தது. அவன் முதலில் ஒரு முழ இடைவெளியில் தன்னைத் திணித்துக்கொண்டு உள்ளே போக முயன்றான். மால்கம் பெரிய உடம்பு. பாதியில் நின்றான்.

"உன் வயித்துக்கும் ஒரு விண்ணப்பம் போடணும் போல" என்றாள் தெல்மா. பல நாட்களுக்குப் பிறகு அவள் குரலை நான் சமையலறையிலிருந்தே கேட்டேன்.

"வாய மூடு, கண்ணு, நான் சட்டத்த மீறிட்டிருக்கேன்" என்றான் அவன்.

கட்டிலின் சக்கரப் பூட்டை எடுத்து, தோட்டத்துப் பக்கக் கதவு அடைபட்டாலும் பரவாயில்லை என்று, ஓரடி பின்னே தள்ளினோம். ஸ்க்ரூ டிரைவரைக் கீலின் அடியில் வைத்து அவன் தட்ட, ஊசி மேலே எழும்பியது. நான் கதவின் எடையைத் தாங்கினேன். ஒரு பக்கத்துக்கு மூன்று கீல், மூன்று ஊசி. அப்புறம் மறுபக்கம். இரண்டு கதவுகளையும் கராஜில் சுவரோரம் சாய்த்துவிட்டு வந்தோம். மொத்தமாகப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. அடுப்புக்குமேல் இருந்த கடிகாரத்தை நான் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

மால்கம் தேநீரைக் குடிக்காமலே போனான். வரைபடத்தை மட்டும் ஒழுங்காகச் சுருட்டி எடுத்துக்கொண்டான்.

தெல்மா அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. வானொலியைக் கேட்டாள், நான் வெங்காயம் வதக்கினேன், அவள் மூக்கு விரிந்ததைப் பார்த்தேன். மறுநாள் காலை நான் கஞ்சியைக் கரண்டியால் எடுத்து நீட்டியபோதுதான் வாயைத் திறந்தாள்.

"முப்பத்தஞ்சு நாள், ரே."

"தெரியும்."

"தெரியும்னு சொல்லாத. எனக்குக் கோவம் போகல. போகவும் வேணாம். ஆனா உப்பு பத்தல, கொண்டா."

அதற்குமேல் அதைப் பற்றி அவள் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்லி என்னைத் தேற்ற வேண்டியிருக்கும், அதற்கான மூச்சை நான் செலவழிக்கவைக்க விரும்பவில்லை.

கதவு போன பிறகு சூடு நான் சொன்னபடியே நிற்கவில்லை. சுவர்ப்பெட்டி, பாய்லர், சமையலறை அடுப்பு மூன்றையும் ஓடவிட்டும், காலையில் பதினைந்து, மதியம் பதினேழு. உருளைக்கிழங்கு வெந்தால் ஆவி அத்தனையும் நேரே போய்க் கண்ணாடியில் படிந்தது, தோட்டம் மறைந்தது. ஒரு நாளைக்கு நான்கு தடவை ரப்பர் பட்டையால் வழித்தேன். மேலே ஒட்டிய பஞ்சுப் பலகைகளுக்குப் பின்னால் நீர் கோத்து, ஒரு மூலையில் சொட்டியது. அதற்கு ஒரு கிண்ணம் வைத்தேன். நான் கம்பளிக் கோட்டோடு சமைத்தேன். அவள் என் பழைய தோட்டத்துத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, வெந்நீர்ப் பைகள் இரண்டுக்கு நடுவே கிடந்தாள்.

பெர்னதெத் வந்தபோது நான் பயந்தேன். அவள் கதவுகள் இருந்த இடத்தைப் பார்த்தாள்.

"வெப்பமானி எங்க?"

"இங்க, பெர்னி" என்று தெல்மா நீட்டினாள். இருபத்திரண்டு காட்டியது.

பெர்னதெத் அதைக் கையில் வாங்கினாள். வெளியே பனி. அவள் தன் கோட்டைக் கழற்றவே இல்லை. வெப்பமானியின் பின்பக்கத்தைத் தடவினாள், கதகதப்பாக இருந்திருக்க வேண்டும். போர்வைக்கு அடியில் வெந்நீர்ப் பையோடு எவ்வளவு நேரம் கிடந்ததோ.

"இருபத்திரண்டு" என்று அவள் தன் குறிப்பேட்டில் எழுதினாள். "நல்லா வச்சிருக்கீங்க, ரேமண்ட். கொஞ்சம் கொறச்சுக்கலாம்."

தெல்மா தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் தோள் சிரிப்பில் குலுங்கியது.

அப்படிப் பத்தொன்பது நாள். நான் பாத்திரத்தைக் கீழே போட்டேன், இரண்டு தடவை தற்செயலாக, ஒரு தடவை வேண்டுமென்றே. கெட்ட வார்த்தையும் சொன்னேன். "பழசு அது, புதுசா ஏதாவது கத்துக்கோ" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. பிறகு குரல் வருவது குறைந்தது. பிறகு மூச்சின் சத்தம் மட்டும் வந்தது. நான் அடுப்படியில் நின்றபடியே அதைக் கேட்டேன், எந்த வேலையைச் செய்தாலும் ஒரு காதை அதற்குக் கொடுத்து.

ஜனவரி இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பதேகாலுக்கு அது நின்றது. நான் அவள் பக்கத்தில்தான் இருந்தேன். கை என் கையில் இருந்தது. பெர்னதெத் பத்து மணிக்கு வந்து, செய்ய வேண்டியதைச் செய்து, நேரத்தை எழுதினாள். தெல்மாவின் தலைமுடியைச் சீவிவிட்டாள். லோர்னா கிளம்பிவிட்டாள், மூன்று மணிநேரப் பயணம். அவள் வந்து பார்க்கும்வரை எடுத்துச்செல்ல வேண்டாம் என்று சொல்லிவைத்தோம்.

அன்று வானம் தெளிவாக இருந்தது. புல்லில் வெள்ளையாக உறைபனி. பதினொரு மணிக்குச் சூரியன் மூலை திரும்பி முழு அறைக்குள்ளும் விழுந்தது. இத்தனை நாள் எட்டாத சூடு ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. வெப்பமானியைப் பார்த்தேன், இருபத்துமூன்று.

பெர்னதெத் என் முழங்கையைத் தொட்டாள். "ரேமண்ட், சூட்ட நிறுத்திடலாம். மகள் வர நேரமாகும். அந்தப் பெட்டி குளிரவும் வைக்கும்ல?"

எனக்கு உடனே புரியவில்லை. அவள் கண்ணால் கட்டிலைக் காட்டினாள். பிறகு புரிந்தது.

ரிமோட்டை எடுத்தேன். சூரியன் படத்திலிருந்து பனிப்படத்துக்கு மாற்றினேன். இருபது, பத்தொன்பது, பதினெட்டு என்று ஒவ்வொன்றாக அழுத்தினேன். பதினாறுக்குக் கீழே அது போகாது. திரைகளை இறக்கினேன், என் அட்டவணையில் ஜூலைக்கு எழுதியிருந்தபடி, தெற்கில் முதலில், பிறகு மேற்கில். பெட்டியிலிருந்து குளிர்ந்த காற்று வந்து அவள் நெற்றி முடியை அசைத்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டேன். பிறகு, அது தேவையில்லை என்று தெரிந்தும், கால்மாட்டிலும் செருகிவிட்டேன்.

அனுமதிக் கடிதம் பிப்ரவரி மூன்றாம் தேதி வந்தது. மால்கம் கையெழுத்துப் போட்டிருந்தான். நிபந்தனை எதுவும் இல்லை, வரைபடத்தில் உள்ளபடியே செய்யலாம், மூன்று வருடத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும் என்று இருந்தது. வேலை தொடங்கும் நாளைத் தெரிவிக்க ஒரு அட்டையும் உள்ளே வைத்திருந்தார்கள். அந்த அட்டையை நான் அனுப்பவில்லை.

கட்டிலை எடுத்துப்போய்விட்டார்கள். பிரம்பு நாற்காலிகளைத் திரும்பப் போட்டேன். லோர்னா தொலைபேசியில், கதவுகளை மாட்டிவிடுங்கள் அப்பா, வீடு முழுக்கக் குளிர்கிறது என்கிறாள். அவள் சொல்வது சரிதான். நான் கோட்டோடுதான் இதை எழுதுகிறேன். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்லிவருகிறேன்.

மாவட்ட அலுவலகத்தின் பதிவேட்டை இப்போது கணினியில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் அவ்வப்போது எங்கள் முகவரியைத் தட்டிப் பார்ப்பேன். ஒற்றை வரிதான். சமையலறைக்கும் கண்ணாடி அறைக்கும் இடையிலுள்ள இரட்டைக் கதவை நீக்குதல்: அனுமதிக்கப்பட்டது, பணி தொடங்கப்படவில்லை.